ஒரு கிலோ ராகிக்கு எத்தனை கிலோ அரிசி? சமநோக்கு வளைகோடு: தொடக்கநிலை விளக்கம்

2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு நீலகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அரிசி கார்டு வைத்திருப்பவர்கள் மாதாந்திர ரேஷன் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டால், அதற்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு கிடைக்கும். பணம் தர வேண்டாம். கிலோவுக்குக் கிலோ மாற்று.

பென்னாகரம் பக்கம் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு வேளையாவது களி கிண்டும் வீடு, இந்த மாற்றுக்கு உடனே சரி சொல்லும். சொந்தக் காட்டில் ராகி அறுத்து மூட்டை கட்டி வைத்திருக்கும் வீட்டுக்கும் களி பிடிக்கும்தான், ஆனால் மாற்று வேண்டாம் என்று சொல்லிவிடும். பிள்ளைகள் களியைத் தொடவே மாட்டார்கள் என்கிற வீடும் வேண்டாம் என்று சொல்லும். மூன்று வீட்டுக்கும் அரசு வைத்த மாற்று விகிதம் ஒன்றே. பதில் மட்டும் வேறு. ஒவ்வொரு வீட்டிலும் ‘ஒரு கிலோ ராகிக்காக நான் எவ்வளவு அரிசியை விடத் தயார்’ என்று ஒரு சொந்த விகிதம் இருக்கிறது. அது ஒன்றுக்கு ஒன்றைவிட அதிகமாக இருந்தால் மாற்றிக்கொள்கிறார்கள், குறைவாக இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

சமநோக்கு வளைகோடு என்பது அந்தச் சொந்த விகிதத்தைத் தாளில் வரைந்து காட்டும் கருவி. வெளியே சந்தையோ அரசோ வைக்கும் விகிதத்தைக் காட்டும் கருவி பட்ஜெட் கோடு. நுகர்வோர் சமநிலை, விலை விளைவு, தேவைக்கோடு என்று பாடத்தில் அடுத்தடுத்து வருவதெல்லாம் இந்த இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பதினொன்றாம் வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் படத்தை மனப்பாடம் செய்து வரைந்துவிடுபவர்கள் பலர், இந்த ஒப்பீட்டைப் பிடிக்காததால்தான் கேள்வி கொஞ்சம் மாறினாலும் தடுமாறுகிறார்கள்.

எண் வேண்டாம், வரிசை போதும்

ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலப் பொருளியலாளரின் காலத்துப் பொருளியல், ஒரு பொருள் தரும் பயன்பாட்டை, அதாவது திருப்தியை, எண்ணால் அளந்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டது. முதல் உருண்டை களிக்கு 20 அலகு, இரண்டாவதற்கு 15 அலகு என்பது போல. அந்த அலகை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. எட்ஜ்வர்த் என்ற பொருளியலாளர் 1881-இல் சமநோக்கு வளைகோட்டை அறிமுகப்படுத்தினார். அளவை விட்டுவிட்டு வரிசையை மட்டும் வைத்தே கோட்பாட்டைக் கட்டலாம் என்று பரேட்டோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார். ஹிக்ஸும் ஆலனும் 1934-இல் அதை இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வரிசை என்றால் இவ்வளவுதான்: இரண்டு கூடைகளை முன்னால் வைத்தால், இது மேல், அது மேல், இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்ற மூன்றில் ஒரு பதிலைச் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதில்கள் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. ‘அ’ கூடை ‘ஆ’வைவிட மேல், ‘ஆ’ கூடை ‘இ’யைவிட மேல் என்றால் ‘அ’ கூடை ‘இ’யைவிட மேலாக இருந்தாக வேண்டும். இவற்றோடு, கூடுதலாகக் கிடைப்பது மேல் என்ற எளிய எடுகோளையும் சேர்த்துக்கொள்கிறோம். கடைசி எடுகோள் எல்லா இடத்திலும் பொருந்தாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு வளைகோட்டை நிஜமாகவே வரைவது

கிடை அச்சில் ராகி, செங்குத்து அச்சில் அரிசி, இரண்டும் மாதத்துக்கு இத்தனை கிலோ. ‘மாதத்துக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டால் படத்துக்கே பொருள் இல்லாமல் போகும். 9 கிலோ ராகி ஒரு வாரத்துக்கா ஒரு வருடத்துக்கா என்று தெரியாமல் யாராலும் ஒப்பிட முடியாது. இன்னொரு எச்சரிக்கை: ஒரு அச்சில் ஒரே தரமான பொருள்தான் இருக்க வேண்டும். ரேஷன் அரிசியையும் கடையில் வாங்கும் பொன்னியையும் ‘அரிசி’ என்று ஒரே அச்சில் போட்டால், அந்த வீட்டுக்காரரின் பதில்கள் குழம்பிப்போகும். அது அவருடைய பிழை அல்ல, கேட்டவருடைய பிழை.

ஒரு தொடக்கப் புள்ளியை எடுங்கள். 9 கிலோ ராகி, 6 கிலோ கடை அரிசி என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்த வீட்டில் சமையலையும் செலவையும் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கேளுங்கள்: “ராகியில 3 கிலோ குறைச்சுக்கிறோம். அதுக்குப் பதிலா அரிசி எவ்வளவு கூட இருந்தா உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்?” நேராகக் கேட்டால் பலருக்குப் பதில் வராது. அதனால் இரண்டு பக்கமிருந்தும் நெருக்குங்கள். அரிசி 7 கிலோ போதுமா? போதாது. 12 கிலோ? தாராளமாகப் போதும், பழைய கூடையைவிட இதுவே மேல். 8? கொஞ்சம் குறைகிறது. 10? இது மேல். 9? “எதைக் கொடுத்தாலும் சரி.” அங்கே நிறுத்தி 6 ராகி, 9 அரிசி என்ற புள்ளியைக் குறியுங்கள். இப்படியே மற்ற இடங்களிலும் கேட்டால் இந்த மாதிரி ஒரு வரிசை கிடைக்கும்:

அ: ராகி 3, அரிசி 18
ஆ: ராகி 6, அரிசி 9
இ: ராகி 9, அரிசி 6
ஈ: ராகி 12, அரிசி 4.5
உ: ராகி 18, அரிசி 3

இந்த ஐந்து புள்ளிகளையும் இணைக்கும் கோடு இந்தக் குடும்பத்தின் ஒரு சமநோக்கு வளைகோடு. எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 54 வரும், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்பதற்காக. அந்த 54-க்கு அளவு என்ற பொருள் கிடையாது. எல்லாவற்றையும் வர்க்கமாக்கி 2916 என்று பெயர் வைத்தாலும் இதே கோடுதான், இதே வரிசைதான். ஆகவே 54 என்ற கோடு 27 என்ற கோட்டைவிட இரு மடங்கு திருப்தி தருகிறது என்று எழுதினால் தவறு. மேலே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம்.

சரிவு சொல்லும் செய்தி

வளைகோட்டில் கவனிக்க வேண்டியது உயரத்தைவிடச் சரிவைத்தான். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு வரும்போது 3 கிலோ கூடுதல் ராகிக்காக 9 கிலோ அரிசியை விடுகிறார்கள். கிலோவுக்கு 3 கிலோ அரிசி. ‘ஆ’விலிருந்து ‘இ’க்கு 3 கிலோ ராகிக்கு 3 கிலோ அரிசி, அதாவது கிலோவுக்கு 1. ‘இ’யிலிருந்து ‘ஈ’க்கு வந்தால் அரைக் கிலோ. ‘ஈ’யிலிருந்து ‘உ’வுக்குக் கால் கிலோ மட்டுமே. 3, 1, 0.5, 0.25. இதுதான் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். இது குறைந்துகொண்டே போவதால்தான் கோடு இரண்டு அச்சுகளும் சந்திக்கும் ஆதிப்புள்ளியை நோக்கி வயிறு தள்ளி வளைகிறது.

ஏன் குறைகிறது? 18 கிலோ அரிசியும் 3 கிலோ ராகியும் உள்ள வீட்டில் களி எப்போதாவது ஒரு நாள்தான். இன்னொரு கிலோ ராகி வந்தால் இன்னும் சில வேளைகள் களி கிண்டலாம். அதற்காக, தாராளமாக இருக்கும் அரிசியை விட்டுக்கொடுப்பது வலிக்காது. 18 கிலோ ராகியும் 3 கிலோ அரிசியும் உள்ள வீட்டில் நிலைமை தலைகீழ். இட்லி மாவுக்கு ஊறப்போடவே அரிசி போதாது, அதை யார் விடுவார்கள்? கையில் அதிகம் உள்ளதன் மதிப்பு இறங்கும், அருகியதன் மதிப்பு ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் விகிதம் வேகமாக மாறுகிறது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி சிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே கணக்கிட்டவை இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான சராசரி விகிதங்கள். ‘இ’ என்ற ஒரே புள்ளியில் விகிதம் என்ன என்று கேட்டால் 1-உம் இல்லை, 0.5-உம் இல்லை. அந்தப் புள்ளியில் கோட்டைத் தொட்டுச் செல்லும் நேர்கோட்டின் சரிவுதான் விடை. பெருக்கினால் ஒரே எண் வரும் நம் மாதிரிக் கோடுகளில் அது எந்தப் புள்ளியிலும் அரிசி ÷ ராகி. ‘இ’யில் 6 ÷ 9, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இடது பக்கச் சராசரியான 1-க்கும் வலது பக்கச் சராசரியான 0.5-க்கும் நடுவில் விழுவதைப் பாருங்கள்.

இதே குடும்பத்துக்கு 54 கோடு மட்டும் இல்லை. மேலும் கீழுமாக எண்ணற்ற கோடுகள் இருக்கின்றன, எல்லாம் சேர்ந்ததே சமநோக்கு வரைபடம். வத்தல்மலையின் நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரைந்த கோடுகளைப் போல இதைப் படிக்கலாம். ஒரே கோட்டில் நடந்தால் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, வடகிழக்கே போனால் ஏற்றம். கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் வெட்டிக்கொள்ள முடியாது. இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டினால் அந்தப் புள்ளி முதல் கோட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் சமம், இரண்டாவது கோட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் சமம். அப்படியானால் இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று சமம் என்று ஆகிவிடும். ஆனால் வெட்டும் இடத்தைத் தாண்டினால் ஒரு கோடு மற்றதற்கு மேலே நிற்கிறது, அதாவது இரண்டு பொருளுமே கூடுதலாக உள்ள கூடை அதில் இருக்கிறது. கூடுதலானது மேல் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம். முரண்பாடு. தேர்வில் இந்த நான்கு வாக்கியங்களை எழுதினால் போதும், நீளமாக எழுத வேண்டியதில்லை.

வளைகோடு அச்சுகளைத் தொடாது என்றும் பண்புகளின் பட்டியலில் எழுதுகிறார்கள். அதைப் பண்பு என்பதைவிட எடுகோள் என்பதே சரி. ராகியே இல்லாமலும் ஒரு வீடு நன்றாக வாழும் என்றால் அந்த வீட்டின் கோடு அரிசி அச்சைத் தொடத்தான் செய்யும்.

சந்தையின் விகிதம்

ராகி கிலோ 40 ரூபாய், அரிசி கிலோ 60 ரூபாய், இந்த இரண்டுக்கும் ஒதுக்கிய பணம் மாதம் 720 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எல்லாப் பணத்துக்கும் ராகியே வாங்கினால் 18 கிலோ. அரிசியே வாங்கினால் 12 கிலோ. கிடை அச்சில் 18, செங்குத்து அச்சில் 12, இரண்டையும் இணைத்தால் பட்ஜெட் கோடு. அதன் சரிவு 12 ÷ 18, அல்லது 40 ÷ 60, எப்படிப் பார்த்தாலும் மூன்றில் இரண்டு. அதாவது, ஒரு கிலோ ராகி வாங்க வேண்டுமென்றால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான அரிசியை விட்டாக வேண்டும் என்று சந்தை சொல்கிறது. விலை விகிதத்தைத் தலைகீழாகப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. கிடை அச்சில் உள்ள பொருளின் விலை மேலே, செங்குத்து அச்சில் உள்ளதன் விலை கீழே. இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஐந்து கூடைகளுக்கும் விலை போட்டுப் பாருங்கள். ‘அ’வுக்கு 120 + 1080 = 1200 ரூபாய். ‘ஆ’வுக்கு 780. ‘இ’க்கு 720. ‘ஈ’க்கு 750. ‘உ’வுக்கு 900. ஐந்தும் அந்த வீட்டுக்கு ஒரே திருப்தி. செலவில் மட்டும் 480 ரூபாய் வரை வித்தியாசம்! கையில் உள்ள 720 ரூபாய்க்கு எட்டுவது ‘இ’ மட்டும்தான். படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், பட்ஜெட் கோடு 54 வளைகோட்டை ‘இ’யில் தொட்டு மட்டும் செல்லும். அதற்கு மேலுள்ள கோடுகள் எட்டாதவை. கீழுள்ளவற்றை வெட்டிக்கொண்டு போகும், அவை கையில் காசிருந்தும் குறைந்த திருப்திக்கு இறங்குவதற்குச் சமம்.

தொடும் இடம் ஏன் சிறந்த இடம் என்பதை இரண்டு விகிதங்களை வைத்தே உணரலாம். அந்த வீட்டார் 720 ரூபாய்க்கு 6 கிலோ ராகியும் 8 கிலோ அரிசியும் வாங்கிவந்தார்கள் என்று வையுங்கள். அந்தப் புள்ளியில் அவர்களுடைய சொந்த விகிதம் 8 ÷ 6, அதாவது 1.33. ஒரு கிலோ ராகிக்காக 1.33 கிலோ அரிசியை விடத் தயாராக இருக்கிறார்கள், சந்தையோ 0.67 கிலோதான் கேட்கிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் ராகி வாங்குவது லாபம். வாங்க வாங்கச் சொந்த விகிதம் இறங்கும். 9 ராகி, 6 அரிசி என்ற இடத்தில் இரண்டும் சமமாகிவிடும், அதற்கு மேல் நகர்ந்தால் நட்டம். சொந்த விகிதம் சந்தை விகிதத்துக்குச் சமம் என்ற சமநிலை நிபந்தனை இந்த நகர்வின் முடிவுதான்.

சமம் ஆகாமலே முடியும் வீடுகளும் உண்டு. களியைத் தொடாத பிள்ளைகள் உள்ள வீட்டில், ராகி பூஜ்யமாக இருக்கும்போதுகூட ஒரு கிலோ ராகிக்காகக் கால் கிலோ அரிசிக்கு மேல் விட மாட்டார்கள். சந்தை கேட்பது 0.67. அவர்கள் 12 கிலோவும் அரிசியாகவே வாங்கிப் பட்ஜெட் கோட்டின் மூலையில் நிற்பார்கள். தொடுகோடு அங்கே இல்லை, ஆனாலும் அதுவே அவர்களுக்குச் சிறந்த தேர்வு. மூலைத் தீர்வைப் பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிப்போகின்றன. நிஜ வாழ்க்கையில் பெரும்பாலான பொருள்களில் நாம் மூலையில்தான் நிற்கிறோம், கடையில் உள்ள ஆயிரம் பொருளில் பெரும்பாலானவற்றை நாம் வாங்குவதே இல்லை.

வளையாத கோடுகளும் தலைகீழான கோடுகளும்

ராயக்கோட்டைத் தக்காளியோ பாலக்கோட்டுத் தக்காளியோ, ரசத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்பவருக்குக் கோடு வளையாது, நேராக இருக்கும். விலை ஒரு ரூபாய் குறைந்த பக்கம் மொத்தமாகச் சாய்ந்துவிடுவார். கேஸ் அடுப்பும் ரெகுலேட்டரும் போல ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்தே பயன்படுபவற்றில் கோடு செங்கோணமாக மடங்கும். இரண்டாவது ரெகுலேட்டர் இலவசமாகக் கிடைத்தாலும் திருப்தி கூடாது.

தோட்டத்தில் மாமரம் உள்ள கிருஷ்ணகிரி வீட்டுக்கு மே, ஜூன் மாதங்களில் இன்னொரு கூடை மாம்பழம் தேவையே இல்லை. அங்கே ‘கூடுதலானது மேல்’ என்ற எடுகோள் நின்றுபோகும், மாம்பழம் கிடை அச்சில் இருந்தால் கோடு படுத்துவிடும்.

வளைவே எதிர்ப்பக்கமாகத் திரும்பும் இடமும் இருக்கிறது. ஓசூரில் வேலை, தர்மபுரியில் சொந்தபந்தம் என்று இருப்பவருக்கு, மாதம் முழுக்க ஓசூரில் வாடகைக்கு இருப்பதும் முழுக்கத் தர்மபுரியில் இருப்பதும் ஒரே அளவு பிடித்திருக்கலாம். பாதி மாதம் இங்கே, பாதி மாதம் அங்கே, இரண்டு வாடகை, இரண்டு பள்ளிக்கூடம் என்றால் அது இரண்டையும்விட மோசம். கலந்த கூடை எப்போதும் மேல் என்ற எண்ணத்திலிருந்துதான் அந்த வழக்கமான வளைவு வருகிறது. கலப்பது பிடிக்காத இடத்தில் தொடுபுள்ளி சிறந்த இடமாக இருக்காது, மிக மோசமான இடமாகக்கூட இருக்கும். தொடுகோடு கிடைத்ததும் விடை கிடைத்துவிட்டது என்று நிறுத்தாமல், வளைவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேண்டாத பொருளை அச்சில் வைத்தால் என்ன ஆகும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கிடை அச்சில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு, செங்குத்து அச்சில் மாத வருமானம் என்று வைத்தால் கோடு மேல்நோக்கி ஏறும். ஃபுளோரைடு கூடினால் அதை ஈடுகட்டப் பணமும் கூட வேண்டும். குழப்பம் வராமலிருக்க, அச்சைத் திருப்பி ‘ஃபுளோரைடு எவ்வளவு குறைந்திருக்கிறது’ என்று அளந்தால் வழக்கம்போல இறங்கு கோடு கிடைத்துவிடும்.

ஆனால் இங்கே வரைபடத்தைவிடப் பெரிய ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியத் தரக்குறியீட்டில் ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது. பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு தெரிய வருடங்கள் ஆகும். அதனால் போர்வெல் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று ஒருவர் சொன்னால், அவர் அறிந்ததைத்தான் சொல்கிறார், அவருக்கு நல்லது எது என்பதை அது சொல்வதில்லை. சமநோக்கு வளைகோடு ஒருவரின் விருப்பத்தை வரைகிறது. விருப்பம் முழுத் தகவலோடு உருவானதா என்பதைக் கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதனைக்கூடத்தின் அளவைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டால், அதே ஆளிடமிருந்து வேறு வளைகோடு வரும்.

ரேஷன் மாற்றைப் படத்தில் வைத்தால்

மாதம் 20 கிலோ ரேஷன் அரிசி வாங்கும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். இந்த முறை செங்குத்து அச்சில் ரேஷன் அரிசி. திட்டத்துக்கு முன் அந்த வீட்டுக்குக் கிடைத்தது ஒரே புள்ளி: ராகி 0, அரிசி 20. திட்டம் வந்தபின் இரண்டாவதாக ஒரு புள்ளி: ராகி 2, அரிசி 18. கோடு கிடையாது, இரண்டே புள்ளிகள். ஒன்றரைக் கிலோ மாற்றிக்கொள்கிறேன், ஐந்து கிலோ மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்க முடியாது. ஆகவே இங்கே தொடுகோடு தேட வேண்டாம், எந்தப் புள்ளி மேலான வளைகோட்டில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

களி வீட்டுக்கு, ராகி பூஜ்யத்தில் நிற்கும்போது சொந்த விகிதம் ஒன்றைவிட நிச்சயம் அதிகம். மாற்று லாபம். சொந்தக் காட்டில் விளைந்த ராகி உள்ள வீடு ஏற்கெனவே கிடை அச்சில் 12, 15 கிலோ தள்ளி நிற்கிறது. அங்கே விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கியிருக்கும். ராகி பிடிக்கும் என்பதும் இன்னும் ராகி வேண்டும் என்பதும் வேறு வேறு என்பதை இந்த வீடு நன்றாகக் காட்டுகிறது. மாற்றிக்கொள்ளாத வீடும் எதையும் இழக்கவில்லை, பழைய புள்ளி அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வகைத் திட்டத்தின் பலம் அதில்தான்.

ஒரு தடை மட்டும் இந்தக் கோட்பாட்டுக்கு வெளியே இருந்து வருகிறது. ஜாக் நெட்ச் என்ற பொருளியலாளர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு மாணவர்களுக்கு காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, விரும்பினால் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்கு முதலில் சாக்லேட்டைக் கொடுத்தார். கோப்பைக்கு மாற்றிக்கொண்டவர்கள் 10 சதவீதம்தான். எதையும் கொடுக்காமல் கேட்ட குழுவில் 56 சதவீதம் பேர் கோப்பையைத் தேர்ந்தார்கள். கையில் எது முதலில் இருக்கிறதோ அதை விட மனம் வருவதில்லை. பாடநூலின் வளைகோட்டில் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே, மனிதர்களிடம் அப்படி இல்லை. அரிசிதான் வழக்கம், ராகி கேட்டால் மட்டும் என்று இருக்கும்போது மாற்றிக்கொள்பவர் எண்ணிக்கை ஒன்றாகவும், ராகியோடு பையைக் கொடுத்துவிட்டு வேண்டாதவர் அரிசிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் வேறாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. வளைகோடு வரையக் கேள்வி கேட்பவர்களும் ஒரே பக்கமிருந்து கேட்காமல் இரு பக்கமிருந்தும் கேட்க வேண்டியது இதனால்தான்.

விலை ஏறினால்

கடைக் கணக்குக்குத் திரும்புவோம். ராகி 40-லிருந்து 90 ரூபாய்க்கு ஏறிவிட்டது. பெரிய ஏற்றம்தான், எண்கள் சுத்தமாக வரட்டும் என்பதற்காக. வளைகோடுகள் நகராது. விலை மாறினால் நகர்வது பட்ஜெட் கோடு மட்டுமே. அரிசி முனை 12-இலேயே நிற்க, ராகி முனை 18-லிருந்து 8-க்குச் சுருங்கும். புதிய தொடுபுள்ளி ராகி 4, அரிசி 6. ராகி 9-லிருந்து 4 ஆகிவிட்டது. இந்த 5 கிலோ குறைவில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன.

பிரித்துப் பார்க்க ஹிக்ஸ் சொன்ன வழி: அந்தக் குடும்பத்தைப் பழைய 54 கோட்டிலேயே வைத்திருக்கத் தேவையான பணத்தை மனக்கணக்காகக் கொடுத்துவிடுங்கள். புதிய விலை விகிதம் 90 ÷ 60 = 1.5. 54 கோட்டில் சொந்த விகிதம் 1.5 ஆக இருக்கும் இடம் ‘ஆ’, அதாவது ராகி 6, அரிசி 9. 9-லிருந்து 6-க்கு வந்த 3 கிலோ குறைவு பதிலீட்டு விளைவு. திருப்தி குறையவில்லை, ராகி அரிசியைவிட விலை ஏறியதால் இடம் மாறினார்கள், அவ்வளவுதான். ‘ஆ’வின் செலவு புதிய விலையில் 540 + 540 = 1080. கொடுத்ததாக நினைத்த 360 ரூபாயைத் திரும்ப எடுத்தால் 4 கிலோவுக்கு இறங்குகிறார்கள். இந்த 2 கிலோ வருமான விளைவு. அரிசியைப் பார்த்தால் 6-லேயே நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் பதிலீடு அதை 9-க்கு ஏற்றி, வருமான விளைவு மறுபடி 6-க்கு இறக்கியிருக்கிறது.

ஸ்லட்ஸ்கி என்ற இன்னொரு பொருளியலாளரின் வழியில் கொடுக்கும் ஈட்டுத்தொகை வேறு. பழைய கூடையையே வாங்கும் அளவுக்குப் பணம் என்றால் 9 கிலோ ராகிக்கு 810, அரிசிக்கு 360, மொத்தம் 1170. ஈடு 450 ரூபாய். ஹிக்ஸ் கணக்கில் 360 போதும் என்பதற்குக் காரணம், விலை மாறினால் மக்கள் பழைய கூடையைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், மலிவான பக்கம் நகர்ந்து கொஞ்சம் மிச்சப்படுத்திக்கொள்வார்கள். அகவிலைப்படியைப் பழைய கூடையை வைத்துக் கணக்கிட்டால் தேவைக்குச் சற்று அதிகமாக வருவதும் இதே காரணத்தால்தான்.

விலை 40 என்றால் 9 கிலோ, 90 என்றால் 4 கிலோ. நடுவில் 60 என்றால் 6 கிலோ வரும், போட்டுப் பாருங்கள். இந்த மூன்று எண்களையும் விலை ஒரு அச்சிலும் அளவு ஒரு அச்சிலுமாகக் குறித்தால் அதுதான் தேவைக்கோடு.

இங்கே வருமான விளைவும் பதிலீட்டு விளைவும் ஒரே திசையில் போயின. எப்போதும் அப்படிப் போக வேண்டியதில்லை. வருமானம் கூடினால் ராகியைக் குறைத்து அரிசிக்கு மாறும் வீட்டில் ராகி தாழ்ரகப் பண்டம். அங்கே விலை ஏறி வீடு ஏழையாகும்போது வருமான விளைவு ராகியை அதிகம் வாங்கச் சொல்லும், பதிலீட்டு விளைவு குறைக்கச் சொல்லும். முதலாவது வென்றுவிட்டால் கிஃபன் பண்டம்: விலை ஏற ஏற வாங்குவதும் ஏறும். சீனாவின் ஹுனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்கள் அரிசியில் இப்படி நடந்துகொண்டதை ஜென்சன், மில்லர் என்ற பொருளியலாளர்கள் 2008-இல் காட்டினார்கள். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்தத் தானியம் செலவில் பெரும்பங்கை விழுங்க வேண்டும், வயிற்றை நிரப்ப அதைவிட மலிவானது கிடைக்கக் கூடாது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் இரண்டாவது நிபந்தனை உடைந்துவிடுகிறது. ராகி விலை ஏறினால் இலவச அரிசி பக்கம் சாய வழியிருக்கும்போது, தர்மபுரியில் ராகி கிஃபன் பண்டமாக மாறும் வாய்ப்பு மிகக் குறைவு.

ராகி தாழ்ரகமா என்ற கேள்விக்கு மாவட்டம் முழுமைக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு காலத்தில் வசதி வந்ததும் களியை விட்ட வீடுகள் உண்டு. இன்று சர்க்கரை நோய்க்குப் பயந்தோ உடம்புக்கு நல்லது என்றோ ராகி தோசைக்கும் ராகி மால்ட்டுக்கும் கூடுதலாகச் செலவழிக்கும் வீடுகள் ஓசூரில் நிறைய. எந்த வீடு எந்த வகை என்று அறிய, விலைகளை மாற்றாமல் 720 ரூபாயை மட்டும் 900 ஆக்கிக் கேளுங்கள். 9 கிலோ 7 ஆக இறங்கினால் அந்த வீட்டுக்கு அது தாழ்ரகப் பண்டம். நாம் இதுவரை கணக்குப் போட்ட குடும்பம் 11.25 கிலோ வாங்கும். அவர்களுக்கு ராகி இயல்புப் பண்டம்.